பஞ்ச நிவாரணமும் பணக்கார தேசங்களும்

சோமாலியாவின் தென்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்வது 'கூ' மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வது 'தெய்ர்' மழை. இவற்றில் ஒன்று பொய்த்தால் சோளக் கொல்லை தீய்ந்துபோகிறது. அடுத்ததும் பொய்த்தால் மேய்ச்சல் நிலத்தில் புல் அற்றுப்போகிறது. மூன்றாவதும் பொய்க்குமானால், ஒட்டகமும் ஆடும் மாடுமே சொத்தாகவும் சேமிப்பாகவும் அன்றாட ஆகாரமாகவும் கொண்டு வாழ்கிற அந்த ஜனங்களிடம் கறப்பதற்கும் விற்பதற்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூகம்பமோ புயலோ போல ஒரே நாளில் வந்து இறங்குகிற விபத்தன்று பஞ்சம் என்பதை, உதவி செய்யும் நிலையிலுள்ள தேசங்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அது எவ்வளவு நிதானமாக வருகிறது என்பதை, பைடோவா நகரத்தைப் போன்ற ஓர் ஊரின் கால்நடைச் சந்தையில் நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நல்ல காலத்தில் ஓர் ஆட்டை விற்றவன் பல நாட்களுக்குத் தன் குடும்பம் உண்பதற்கான சோளத்தைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறான். மழை தவறியதும் சோளத்தின் விலை ஏறுகிறது. மேய்க்க வழியில்லாதவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேருவதாலும், வந்து சேருகிற ஆடுகள் எலும்பும் தோலுமாக இருப்பதாலும், ஆட்டின் விலை இறங்குகிறது. ஓர் ஆட்டுக்கு இத்தனை கிலோ சோளம் என்ற அந்த விகிதம் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் சந்தையில் மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கியிருக்க, அதன் எதிரிலேயே ஆட்டுக்காரன் வெறுங்கையோடு நிற்கும்படி ஆகிறது. தானியம் இல்லாமையால் மட்டுமன்று, தானியத்தை வாங்கும் சக்தி இல்லாமையாலும் மனிதர் பட்டினியால் மடிகிறார்கள் என்று அமர்த்திய சென் 1981இல் எழுதிய நூலில் நிறுவியபோது, 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தோடு, எத்தியோப்பிய மேய்ச்சற்காரர்களின் இந்தத் துன்பத்தையும் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

ஆட்டு விலையும் சோள விலையும் மாதந்தோறும் குறிக்கப்படுகின்றன; மழை விண்ணிலிருந்து அளக்கப்படுகிறது; குழந்தைகளின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவை வைத்து அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு என்றும், 12.5க்குள் இருந்தால் மஞ்சள் என்றும், அதற்கு மேலென்றால் பச்சை என்றும் எழுதிவைக்கிறார்கள். இந்த விவரங்களையெல்லாம் சேர்த்து, ஒரு ஜில்லாவின் நிலையை ஐந்து படிகளில் ஒன்றாக நிர்ணயிக்கும் முறை 2004இல் முதன்முதலாக வகுக்கப்பட்டதே சோமாலியாவுக்காகத்தான்; இன்று உலகின் பல நாடுகளில் அதுவே வழக்கில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களாவது அறவே உணவின்றி இருத்தல், பத்தில் மூன்று குழந்தைகளாவது கடும் சத்துக்குறைவால் மெலிந்திருத்தல், பதினாயிரம் பேருக்கு இரண்டு பேர் வீதம் ஒவ்வொரு நாளும் மாளுதல் ஆகிய மூன்றும் கூடியிருந்தால்தான் ஐந்தாவது படியாகிய பஞ்சம் பிரகடனம் செய்யப்படும். பஞ்சம் என்று அறிவிக்கப்படுகிற நாளில், அதைத் தடுப்பதற்குரிய காலம் எப்போதோ கடந்துபோயிருக்கும் என்பது இந்த அளவுகோல்களிலிருந்தே விளங்கும்.

2010ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே அபாயக் குரல் எழுந்துவிட்டது. பசிபிக் சமுத்திரத்தின் வெப்பநிலையைக் கவனித்துவந்தவர்கள், அவ்வாண்டு தெய்ர் மழை பொய்க்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், பொய்த்தது. அடுத்த வசந்தத்தின் கூ மழையும் ஏமாற்றும் என்று அறிக்கைக்குமேல் அறிக்கை விடுத்தார்கள், ஏமாற்றியது. தென் சோமாலியா அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்தது. அந்தக் குழு ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தை உள்ளே விடவில்லை. பயங்கரவாதிகள் கையில் ஒரு மூட்டை தானியம் சிக்கினாலும் நிவாரணம் கொடுத்தவர்மீது வழக்கு வருமோ என்ற அச்சத்தை அமெரிக்கச் சட்டங்கள் உண்டாக்கியிருந்தன. இவை மெய்யான தடைகள்தான். ஆனால் இவற்றைக் கடப்பதற்கு உபாயம் தேட வேண்டும் என்ற அவசரம் 2011 ஜூலை 20ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை இரு பிராந்தியங்களில் பஞ்சம் என்று அறிவித்து, கென்யாவிலுள்ள டடாப் முகாமுக்கு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நடந்து வந்து சேரும் காட்சி தொலைக்காட்சிகளில் தோன்றிய பிறகே பிறந்தது. அதன் பின்னர் பணம் வெள்ளமாக வந்தது. பணத்தைக் கையிலேயே கொடுத்து, நாட்டு வணிகர் மூலம் தானியம் சேரச் செய்யும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது.

அதற்குள் நடந்து முடிந்ததை இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரையில், வழக்கமான மரணங்களுக்கு மேற்பட்டு, ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மரணம் மிகுந்திருந்த காலம் 2011 மே முதல் ஆகஸ்ட் வரை. பிரகடனத்துக்கு முன்னாலேயே ஏறத்தாழப் பாதிச் சாவு நிகழ்ந்துவிட்டது. தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

முன்னறிவிப்பைச் செயலோடு கட்டிப்போட வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. அது நம் நாட்டுத் துன்பத்திலேதான் பிறந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார் காலத்தவர் நடுங்கிச் சொன்ன 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், சென்னை ராஜதானியையும் மைசூரையும் பம்பாய்ப் பகுதிகளையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அப்போது நிவாரணத்தைப் பரிசோதிக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவருடைய கதையை, இன்றைய உதவி நிறுவனங்களின் மேலதிகாரிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் தோன்றிய சமயம், அவரே பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாகத் தருவித்து மிகச் சிலரே இறக்கும்படி காப்பாற்றியிருந்தார். அதற்குப் பரிசாகக் கிடைத்தது, சர்க்கார் பணத்தை வீணாக்கினார் என்ற கண்டனம். அந்தக் கண்டனத்தின் சூடு ஆறாத மனத்தோடு சென்னைக்கு வந்தவர், மண் வெட்டிக் கல் சுமக்கும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று எதிர்த்து வாதாடினார். பிற்பாடு கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் இறந்தவர்கள் இறந்தவர்களே. அதிகமாகச் செலவிட்டுப் பஞ்சத்தைத் தடுத்த அதிகாரிக்கு வசையும், சிக்கனம் பேணிப் பஞ்சத்தை வளரவிட்டவனுக்குப் பதவியும் கிடைக்கிற வரையில், எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் உதவி தாமதமாகத்தான் வரும்.

அந்தப் பேரழிவுக்குப் பின் அமைக்கப்பட்ட கமிஷனின் பயனாக 1880களில் பஞ்சச் சட்டத் தொகுப்புகள் எழுதப்பட்டன. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்களா, திருட்டு மிகுகிறதா என்று ஜில்லா அதிகாரி கவனிக்க வேண்டும். இன்ன அடையாளங்கள் தோன்றினால் இன்ன வேலைத்தலங்களைத் திறக்க வேண்டும் என்று அவற்றில் வகுத்திருந்தது. குறைகள் எத்தனையோ உண்டு எனினும், அடையாளம் கண்டபின் செயல்படுவது அதிகாரியின் கருணையைப் பொறுத்ததன்று, கடமையைப் பொறுத்தது என்ற கொள்கை அவற்றில் இருந்தது. 1943இல் வங்காளத்தில் அந்தச் சட்டத்தின்படி பஞ்சம் என்று பிரகடனம் செய்யவே சர்க்கார் முன்வரவில்லை. செய்தால் சட்டம் சொல்லும் அளவுக்கு அத்தனை பேருக்கும் உணவு தர நேரும் என்பதே காரணம்.

2017இல் சோமாலியாவில் மீண்டும் மழை தவறியது. முன்பு பட்ட அவமானம் நினைவிலிருந்து நீங்காதிருந்தபடியால், ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் வந்தது, பஞ்சம் வரவில்லை. வராத பஞ்சத்தைப் பற்றி எழுதுவதற்கு எந்தப் பத்திரிகைக்கும் விஷயம் கிடைப்பதில்லையாதலால், அந்த வெற்றியை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இதுவரை சொன்னவை ஒரு தேசத்தின் துன்பமும், அதற்கு வெளியே சுகமாக இருந்த பிற தேசங்களின் மெத்தனமும். உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் உலுக்குகிற நெருக்கடி வந்தால் நிலைமை இதனினும் கொடிதாகிறது. ஏனெனில் கேட்பவனுக்குத் தேவை பெருகுகிற அதே மாதத்தில் கொடுப்பவனுக்குத் தன் வீட்டைப் பற்றிய பயமும் பெருகுகிறது. கொரோனா காலத்தில் இதை நாம் பிரத்தியட்சமாகக் கண்டோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் ஏழு கோடிப் பேர் புதிதாகக் கடும் வறுமையில் விழுந்தனர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வழங்குவதற்காக ஏற்பட்ட கோவாக்ஸ் என்ற பொது ஏற்பாடு, 2021 முடிவதற்குள் இருநூறு கோடி ஊசிகள் என்று நிர்ணயித்துக்கொண்டு, அதில் பாதியைக்கூட எட்டவில்லை. செல்வ நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தது ஒரு காரணம். புனேயின் சீரம் நிறுவனத்தை நம்பியிருந்த அந்த ஏற்பாட்டுக்கு, இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றது மற்றொரு காரணம். தன் ஜனங்கள் மூச்சுக்குத் திணறும்போது வேறெந்த சர்க்கார்தான் மருந்தை வெளியே அனுப்பியிருக்கும் என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்த நியாயம் ஒவ்வொரு தேசத்துக்கும் பொருந்துமாதலால், அவரவர் நியாயமாக நடந்துகொண்டதன் கூட்டுப் பலன் அநியாயமாக முடிந்தது.

2020 இறுதியில் தொடங்கி, சோமாலியாவில் ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன; பத்து லட்சம் பேர் குச்சிகளை வளைத்துத் துணி போர்த்திய குடிசைகளில் ஊர்ப்புறங்களிலே வந்து குடியேறினர். இந்த வறட்சியின் நடுவில் 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அந்த யுத்தகளத்துக்கும் ஒட்டகம் மேய்க்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சோமாலியா வாங்கிய கோதுமையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அவ்விரு நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. கச்சா எண்ணெயும் கப்பல் கூலியும் ஏறின. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் கணக்கிடும் உணவு விலைக் குறியீடு மார்ச் மாதம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. உலக உணவுத் திட்டமும் தன் தானியத்தில் பெரும்பகுதியை உக்ரைனிலேயே வாங்கி வந்ததாதலால், அதே மூட்டைக்கு அதிக விலை கொடுக்க நேர்ந்து, மாதச் செலவு யுத்தத்துக்கும் நோய்க்கும் முந்திய காலத்தைவிட ஏழு கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது. பல நாடுகளில் பசித்திருப்பவனுடைய பங்கைக் குறைத்து, சாகக் கிடப்பவனுக்குத் தரும் நிர்ப்பந்தம் உண்டாயிற்று.

பணம் எந்தப் பக்கம் ஓடிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் முதல் தேதி உக்ரைன் மக்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 170 கோடி டாலர் கேட்டது; அன்றைக்கே 150 கோடிக்கு வாக்குறுதி கிடைத்தது. சோமாலியாவுக்காக அவ்வாண்டு முழுவதற்கும் கேட்டிருந்தது ஏறத்தாழ 146 கோடி. ஏப்ரல் வரையில் அதில் இருபதில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை. குண்டுக்குத் தப்பியோடிய உக்ரைன் தாய்மாருக்கு அளித்த ஒவ்வொரு டாலரும் தகுதியானவர்க்கு அளித்ததே; அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு துன்பத்துக்கு ஒரே நாளில் திறந்த பொக்கிஷம் இன்னொரு துன்பத்துக்கு மாதக்கணக்கில் திறக்காமலிருந்ததற்குக் காரணம் பசியின் அளவில் இல்லை. கொடுப்பவர்களுக்கு எது அண்டை வீடாகத் தோன்றியதோ அதில் இருக்கிறது. ஆண்டின் நடுவில் அமெரிக்கா பெருந்தொகை கொடுத்ததால் நிலைமை தேறி, பஞ்சப் பிரகடனம் தவிர்க்கப்பட்டது. பிரகடனம்தான் தவிர்க்கப்பட்டது, 2022இல் அந்த வறட்சியால் 43,000 பேர் இறந்திருக்கலாம் என்றும், அவர்களில் பாதிப்பேர் குழந்தைகள் என்றும் அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறியது. சட்டப்படி பஞ்சம் இல்லாத ஆண்டு அது.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண வாசகர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வளர்ச்சி உதவியாக அளிக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை தீர்மானித்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதை எட்டியவை நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சில தேசங்களே. தம் எல்லைக்குள் வந்து சேரும் அகதிகளை முதல் ஓராண்டு பராமரிக்கும் செலவையும் வெளிநாட்டு உதவி என்றே எழுதிக்கொள்ள விதிகள் இடம் கொடுக்கின்றன. அதன்படி 2022இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவித் தொகையில் நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கை, அதாவது 370 கோடி பவுண்டை, பிரிட்டனுக்குள்ளேயே ஓட்டல் வாடகை முதலியவற்றில் செலவழித்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் 0.7 என்ற பங்கை 0.5 ஆகக் குறைத்திருந்தார்கள். ஏட்டில் பார்த்தால் உலகத்தின் மொத்த உதவி அவ்வாண்டு உயர்ந்திருந்தது. பைடோவாவின் சிகிச்சை நிலையத்துக்கு அந்த உயர்வு வந்து சேரவில்லை.

அத்தகைய நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் எவ்வளவு எளியது என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. கையளவு நாடாவில் சிவப்பு காட்டிய குழந்தைக்கு, வேறு நோய்ச் சிக்கல் இல்லையென்றால், மருத்துவமனைப் படுக்கைகூட வேண்டியதில்லை. வேர்க்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்களும் தாதுச் சத்துக்களும் கலந்த 92 கிராம் பாக்கெட் ஒன்று 500 கலோரி தருகிறது. 1990களில் ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு வைத்தியர் பங்குகொண்டு உருவாக்கியது அது. காய்ச்ச வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். நுனியைக் கிழித்துத் தாய் கையில் கொடுத்தால் குழந்தை தானே உறிஞ்சி உண்ணும். சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்துவந்தால், கழுத்தைத் தூக்க முடியாமல் வந்த குழந்தை பெரும்பாலும் தேறிவிடுகிறது. மருந்து தெரிந்திருக்கிறது, செய்முறை தெரிந்திருக்கிறது, எந்த ஊரில் எத்தனை குழந்தைக்கு வேண்டும் என்பதும் ஏறக்குறையத் தெரிந்திருக்கிறது. கிடங்கில் பெட்டி தீர்ந்துபோகும் மாதம் மட்டும், ஆயிரம் காததூரத்திலுள்ள ஒரு நாடாளுமன்றத்தின் வரவு செலவு விவாதத்தைப் பொறுத்திருக்கிறது.

பொருளாக அனுப்பும் முறையிலும் நெடுநாளைய விபரீதம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் உணவு உதவியில் பெரும்பகுதி அமெரிக்க விவசாயிகளிடம் வாங்கப்பட்டு, அதில் குறிப்பிட்ட பங்கு அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலேயே ஏற்றப்பட வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு வரும் தானியம் ஆப்பிரிக்கா சேரச் சராசரி 147 நாள் ஆகிறது என்றும், உள்ளூரிலேயே வாங்கினால் 35 நாளில் கிடைத்துவிடும், செலவும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும் அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே 2009இல் எடுத்துச் சொன்னது. நமக்கும் இது அறியாத அனுபவமன்று. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டப்படி வந்த கோதுமையை நம்பியிருந்த 1966ஆம் ஆண்டில், அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மாதக் கணக்கில் அளந்து அளந்து கப்பல்களை விடுவித்துக்கொண்டிருந்ததும், அந்த நிலையிலிருந்து மீள, அப்போது உணவு மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் 18,000 டன் மெக்ஸிகோ கோதுமை விதையைத் தருவிக்கத் துணிந்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோதுமையை வாங்கி உண்டதனால் அல்ல, விதையும் கொள்முதல் விலையும் சேமிப்புக் கிடங்கும் சேர்ந்ததனாலேயே நாம் கப்பலை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து மீண்டோம். சோமாலியாவில் ஷெபெல்லி நதியோரம் இருந்த வாய்க்கால்களும் மதகுகளும் 1991இல் மத்திய சர்க்கார் சிதைந்தபின் பராமரிப்பின்றிப் பாழாயின. ஒவ்வொரு வறட்சிக்கும் கோடிக்கணக்கில் மூட்டை வாங்கித் தருகிற கைகள், வறட்சி தீர்ந்த ஆண்டில் மதகு கட்டுவதற்கு நீளுவதில்லை. நிவாரணத்துக்கு ஒரு கஜானா, வளர்ச்சிக்கு ஒரு கஜானா என்று பிரித்து வைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு அதிகாரிகளை நியமித்துவிட்டதால் விளைந்த கோளாறு இது.

கொடுப்பதெல்லாம் திருடர் கைக்குத்தானே போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023இல் எத்தியோப்பியாவில் நிவாரணத் தானியம் பெருமளவில் மடைமாற்றப்பட்டுச் சந்தைக்கும் ஆலைகளுக்கும் போயிருப்பது அம்பலமாகி, அமெரிக்க உதவி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் நாடு முழுவதிலும் விநியோகத்தை நிறுத்திவைத்தன. அந்த நிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. திருடியவனுக்கு அதனால் நேர்ந்த கஷ்டம் சொற்பம். அட்டையோடு வரிசையில் நின்றவனுக்கு அடுப்பு அணைந்தது. திருட்டைத் தடுப்பதற்குச் சோமாலியாவே ஒரு வழி காட்டியிருக்கிறது. வங்கியே இல்லாத கிராமங்கள் நிறைந்த அந்த நாட்டுக்கு, கடல்கடந்து வாழும் உறவினர் 'ஹவாலா' மூலம் ஆண்டுதோறும் நூறு கோடி டாலருக்கு மேல் அனுப்பிவருகிறார்கள். சாதாரண கைபேசியில் பணம் வாங்கிக் கடைக்காரருக்குச் செலுத்துவது அங்கே அன்றாட வழக்கம். மூட்டைக்குப் பதிலாக அந்தக் கைபேசிக்கே பணம் அனுப்பினால், லாரியை மறித்துச் சுங்கம் கேட்பவனுக்கு வேலை குறைகிறது. உள்ளூர்ச் சங்கங்களின் கையிலேயே நேரடியாகக் கால் பங்கு நிதியைக் கொடுப்போம் என்று 2016இல் இஸ்தான்புல் மகாநாட்டில் பெரிய தேசங்களும் நிறுவனங்களும் கையெழுத்திட்டன. அதற்குக் கெடு 2020. கெடு கடந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பங்கு எட்டப்படவில்லை.

இவ்வளவுக்கும் வேர் எங்கே என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான். ஐக்கிய நாடுகளின் அமைதிப் படைக்கு ஒவ்வொரு தேசமும் தன் செல்வத்துக்கு ஏற்ற பங்கைக் கட்டியே ஆகவேண்டும். இரண்டு ஆண்டுப் பாக்கி சேர்ந்தால் பொதுச் சபையில் வாக்குரிமையையே இழக்க நேரும் என்று சாசனத்தின் 19ஆம் பிரிவு சொல்லுகிறது. 2020இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற உலக உணவுத் திட்டத்துக்கோ அப்படிப்பட்ட வருமானம் ஒரு காசுகூடக் கிடையாது. முழுவதும் இஷ்டப்பட்டவர்கள் இஷ்டப்பட்டபோது தருகிற பணம். அதிலும் பெரும்பகுதி, இந்த நாட்டுக்கு மட்டும், இந்தக் காரியத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. மனிதரின் இரக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பிய காட்சியைக் கண்டு உலகம் உருகி அள்ளிக் கொடுத்தது மறக்கக்கூடியதன்று. ஆனால் இரக்கம் கண்ணால் கண்ட பிறகு பிறப்பது. கண்ணுக்குத் தெரிகிற நிலையை அடைந்த குழந்தையைக் காப்பாற்றும் செலவு அதிகம், காப்பாற்ற முடியும் என்ற நிச்சயமும் குறைவு. பயம் பிடித்த காலத்தில் அந்த இரக்கமும் முதலில் வற்றுகிறது.

2025இல் அது எவ்வளவு வேகமாக வற்றும் என்று கண்டோம். ஜனவரி 20ஆம் தேதி பிறந்த ஒரே உத்தரவால் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. 1961இல் கென்னடி நிறுவிய அமெரிக்க உதவி நிறுவனம் ஜூலை முதல் தேதியோடு மறைந்தது. பிரிட்டன் தன் பங்கை 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. உலக உணவுத் திட்டம் தன் வருமானம் முந்திய ஆண்டைவிட நாற்பது சதவீதம் குறையும் என்று கணக்கிட்டுக்கொண்டு பங்கீட்டை வெட்டத் தொடங்கியது. 1984ஆம் ஆண்டுத் துயரத்தின் படிப்பினையாக 1985இல் ஏற்பட்ட அமெரிக்காவின் பஞ்ச முன்னறிவிப்பு அமைப்புகூட ஜனவரி இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் மௌனமாயிருந்தது. உணவைக் குறைத்ததைக் காட்டிலும் இந்த மௌனத்தையே நான் பெரிய அபாயமாகக் கருதுகிறேன். ஆட்டு விலையைக் குறித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில், பஞ்சம் வந்தது என்றுகூட யாருக்கும் தெரியாமற் போகும்.

வேறு வழி உண்டென்பதற்கு வங்காள தேசத்தின் அனுபவம் ஒன்று போதும். 2020 ஜூலையில் அங்குள்ள ஜமுனா ஆற்றில் பெருவெள்ளம் வரும் என்று கணிப்பு வந்தவுடனே, வெள்ளம் உச்சத்தை எட்டுமுன், ஐக்கிய நாடுகளின் மத்திய அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. இன்ன அளவு நீர் ஏறுமென்றால் இன்ன தொகை என்று முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்ததால், கூட்டம் கூட்டி விவாதிக்க அவசியமில்லாமல் போயிற்று. குடும்பங்கள் அந்தப் பணத்தில் அரிசி வாங்கிக்கொண்டு, ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டின. அதே ஆண்டில் சோமாலியாவுக்கும் அந்த முறையில் ஒன்றரைக் கோடி டாலர் தரப்பட்டது. பழைய பஞ்சச் சட்டத்தின் கொள்கைதான் இது; ஜில்லா அளவில் இருந்ததை உலக அளவுக்கு உயர்த்துகிற முயற்சி. அந்த அவசர நிதி ஆண்டுக்கு நூறு கோடி டாலராக வளர வேண்டும் என்று 2016இல் பொதுச் சபை ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் அதில் சேருவது அந்தத் தொகைக்கு வெகுவாகக் குறைந்தே இருந்து வருகிறது. அமைதிப் படைக்கு விதித்திருப்பதைப் போல இந்த நிதிக்கும் ஒவ்வொரு தேசத்தின்மீதும், இந்தியாவையும் சீனாவையும் வளைகுடா நாடுகளையும் சேர்த்தே, வருமானத்துக்கேற்ற பங்கை விதித்துவிட்டால், நூறு கோடி என்பது உலகத்துக்குப் பெரிய தொகையன்று. பொதுச் சபை நினைத்தால் ஒரு தீர்மானத்தில் முடிகிற காரியம்.